வீட்டுக் கமராவுக்கு எந்த புரொசசர், எவ்வளவு றாம்?

படலை, மாட்டுப்பட்டி, உழவு மெசின் நிற்கும் கொட்டில் என்று வளவுக்குள் நாலைந்து கமரா பூட்டி, அவற்றின் வீடியோவை ஒரு கம்பியூட்டரில் பதிபவர்களுக்கு ஐ7 போன்ற பெரிய புரொசசர் எல்லாம் தேவையில்லை. வரும் வீடியோவை அப்படியே பதிந்தால் புரொசசருக்கு வேலை மிகக் குறைவு. அசைவைக் கண்டுபிடிக்க, சுருக்கி வரும் அந்த வீடியோவை விரித்துப் பார்க்கும்போதுதான் சுமை ஏறும். விரிக்கும் வேலையை இன்டெல் புரொசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி ஏற்றுக்கொள்ளும். கிளிநொச்சியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 12400எஃப் போல பெயர் எஃப்பில் முடியும் இன்டெல் புரொசசரை வாங்கிவிடாதீர்கள், அதில் அந்த கிராபிக்ஸே வேலை செய்யாது. 6 வாட் ரகமான இன்டெல் என்100 புரொசசர் தாராளம். கரண்ட் போனாலும் சின்ன யூபிஎஸ் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். றாம் 8 ஜிபி காணும். சரி, மிச்சக் காசு? ஹாட் டிஸ்க்கில் போடுங்கள்: 4 எம்பிபிஎஸ்ஸில் (செக்கனுக்கு 4 மெகாபிட்) ஓயாமல் பதியும் ஒரு கமரா நாளுக்கு 43 ஜிபி தின்னும்.