நாவலைச் சித்திரக்கதையாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாவல் ஒன்றைச் சித்திரக்கதையாக மாற்றி எழுதுபவர் தம் பிரதியை முதலில் ஒப்படைப்பது வாசகரிடம் அன்று, ஓவியரிடம். திருகோணமலையிலிருந்து இத்துறைக்கு வர விரும்பும் இளையோர் செய்யும் தவறுகளிற் பெரும்பாலானவை இதை மறப்பதாலேயே நேர்கின்றன. நம் மண்ணோடு தொடர்புடைய கதை ஒன்றை வைத்தே அவற்றைப் பார்க்கலாம். 1659இன் இறுதியில், புயலிற் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக்குடாவுக்கு வந்தது. 1660இல் அதன் தலைவரும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸும் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் தப்பிச்சென்ற மகன், 1681இல் இலண்டனில் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். கடலும் காடும் சிறையும் தப்பியோடலும் நிறைந்த அந்நூல், நாவல் அன்றாயினும், சித்திரக்கதைக்கு மிகவும் வாய்ப்பானது.

அதை எடுத்துக்கொள்ளும் புதியவர், மூலத்தின் வசனங்களைப் படக் கட்டந்தோறும் பெட்டிக்குள் இட்டு நிரப்புவார். அக்குடாக் கரையிலுள்ள மூதூரிற் சொல்லப்படுவதுபோல் கப்பல் தலைவர் புளியமரத்தடியிற் பிடிபடும் காட்சியை எழுதும்போது, “தலைவர் மரத்தடியில் அமர்ந்திருக்கிறார், ஆட்கள் வந்து சூழ்கிறார்கள், அவர் எழுந்து திமிறுகிறார்” என்று ஒரே கட்டத்துக்குக் குறிப்பு எழுதி, அதையே மேலே வாசகமாகவும் வைத்துவிடுவார். ஒரு கட்டம் ஒரு கணத்தைத்தான் காட்டும் என்பதால், ஓவியர் இந்த மூன்றில் எதை வரைவது என்று திகைப்பார். எதை வரைந்தாலும் மேலுள்ள வாசகம் அதைத் திரும்பச் சொல்லும். அதே காட்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்துப் பாருங்கள்: புளியம்பழத்தை உடைக்கும் ஒரு கை, மணலில் அந்தக் கையை நோக்கி நீளும் பல நிழல்கள், ஆளில்லாத மரத்தடியிற் கிடக்கும் தொப்பி. இங்கே ஒரு சொல்லும் தேவையில்லை. மாற்றி எழுதுபவரின் திறமை எதை எழுதாமல் விடுகிறார் என்பதில்தான் பெரிதும் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

பக்கம் புரளும் இடத்தைக் கணக்கிற் கொள்ளாமையும் இதைச் சேர்ந்ததே. கதையின் திருப்பம் வலப்பக்கத்தில் இருந்தால், இடப்பக்கத்தை வாசிக்கும் முன்பே கண் அங்கே ஓடிவிடும். புரட்டியவுடன் வரும் இடப்பக்கத்தின் முதற் கட்டமே அதற்கு உரிய இடம்.

அடுத்தது காலப் பிழை. ஓவியர் வெளியூரவராயின், திருகோணமலை என்றதும் சுவாமி மலையில் இன்றுள்ள கோபுரத்தையும் பெரிய சிவன் சிலையையும் வரைந்துவிடக்கூடும். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தது 1620களில். இன்றைய கோயில் இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. ஆகவே 1660இல் குடாவின் குறுக்கே வடக்கே பார்ப்பவருக்குக் கோயில் தெரிந்திருக்காது. இதைப் பிரதியிலேயே எழுதிக் கொடுப்பது எழுத்தாளரின் கடமை. பக்கத்தை வரைந்து மை போட்ட பின்னர் திருத்தச் சொல்வது ஓவியரின் பல நாள் உழைப்பை வீணாக்கும்.

தமிழ் எழுத்து கேட்கும் இடத்தைக் குறைத்து மதிப்பிடுவதைத் தனியே சொல்ல வேண்டும். “திருகோணமலையிலிருந்து” என்ற ஒரு சொல், பாத்திரங்களின் பேச்சை இடும் பலூன் ஒடுங்கியதாயின், அதில் மூன்று வரிகளாக உடைந்து, “லிரு” ஒரு வரியிலும் “ந்து” மறு வரியிலும் விழுந்தால் வாசிப்பு தடைப்படும். அகன்ற பலூனும் குறுகிய வாக்கியமும் தமிழுக்குப் பொருந்தும். கணினியில் எழுத்தைப் பொருத்தும்போது, பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டதை யூனிகோட் எழுத்துருவுக்கு அப்படியே மாற்றினால் பொருளற்ற குறிகளே வரும்; படச் செயலிகளிலும் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பும் காலும் இடம்மாறிவிடுகின்றன. அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு பலூனையும் தாளில் எடுத்து வாசித்தே ஆகவேண்டும்.

1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் முதலாக, மொழிபெயர்ப்புச் சித்திரக்கதைகளை வாசித்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. அதனால் மூதூர்க் கடற்றொழிலாளியின் வாயிலும் அந்த நடையே வந்துவிடுகிறது. “நண்பா, நாம் உடனே கிளம்பியாக வேண்டும்” என்பதை விட, “தம்பி, காத்து மாறுது, வள்ளத்தைத் தள்ளு” என்பதே கதையை நம்ப வைக்கும்.

உரிமை பற்றிய அசட்டைதான் பலரின் உழைப்பைப் பெட்டிக்குள் முடக்குகிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை பொதுவாக ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். இந்தியாவில் அது 60 ஆண்டுகள். ஒரு நாட்டில் உரிமை முடிந்ததை வைத்து மற்ற நாட்டிலும் முடிந்துவிட்டதாகக் கொள்ளக்கூடாது. நொக்ஸின் மூலநூல் எவருக்கும் பொதுவானது. ஆனால் அதன் அண்மைக்காலத் தமிழாக்கம் மொழிபெயர்ப்பாளருக்கு உரியது, அதன் வாக்கியங்களை அனுமதியின்றி எடுக்க முடியாது. உரிமை இன்னும் முடியாத நூலாயின், ஆசிரியரிடமோ வாரிசுகளிடமோ முதற்பக்கத்தை எழுதுமுன்பே கடிதமாக அனுமதி பெறவேண்டும். எந்த மொழிக்கு, அச்சுக்கா மின்னூலுக்கா, எத்தனை ஆண்டுகளுக்கு என்பவை அதில் இருக்கவேண்டும்.

ஓவியருடன் வாய்ப்பேச்சில் மட்டும் வேலையைத் தொடங்குவதும் அவ்வாறே ஆபத்தானது. நட்பாகத் தொடங்கி, விற்பனைப் பணம் வந்ததும் பிரிந்தவர்கள் உண்டு. பக்கத்துக்கு இவ்வளவு என்றா, விற்பனையிற் பங்கு என்றா, மூல ஓவியங்கள் யாருக்கு, அட்டையில் யார் பெயர் எந்த வரிசையில் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். முந்நூறு பக்க நூலுடன் தொடங்காமல், அதன் ஒரே நிகழ்வை எட்டுப் பக்கங்களிற் செய்து முடித்துப் பாருங்கள். பதிப்பாளரிடம் காட்டவும் அது போதும்.