கோடையில் ஏசி செலவைக் குறைக்க, கூரையிலிருந்து தொடங்குங்கள்

வீட்டுக்குள் நுழைந்த வெப்பத்தை அள்ளி வெளியே தள்ளுவதுதான் ஏசியின் வேலை. நுழையும் வெப்பம் குறைந்தால் மீட்டரும் மெதுவாக ஓடும். அதனால் ரிமோட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

மேலே மொட்டை மாடி இருந்தால் முதல் செலவு அங்கேதான். கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். இரவிலும் மின்விசிறி அனலாக வீசுவது இதனால்தான். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். முதலில் பாசியையும் தூசியையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, தளத்தை முழுக்கக் காயவிடுங்கள். விரிசல்களை அடைத்த பிறகு பிரைமர், அதன்மேல் இரண்டு கோட். முதல் கோட் நீளவாக்கில் என்றால் இரண்டாவது குறுக்குவாக்கில். இடையில் எத்தனை மணி நேரம் விடுவது என்பது டப்பாவிலேயே இருக்கும். ஈரத் தளத்தில் அடித்தால் பூச்சு கொப்புளித்து உரிந்துவிடும். உச்சி வெயிலில் அடித்தாலும் பிடிக்காது, மேற்புறம் மட்டும் சட்டென்று காய்ந்துவிடும். காலையோ மாலையோதான் சரி. தூசி படிந்தால் வெள்ளையின் பலன் குறையும் என்பதால், கோடை தொடங்கும் முன் ஒவ்வோர் ஆண்டும் கழுவிவிடுங்கள்.

அடுத்தது மேற்குப் பக்க ஜன்னல். உள்ளே எவ்வளவு தடிமனான திரை போட்டாலும், கண்ணாடியைத் தாண்டிய வெப்பத்தில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். தட்டியோ நிழல்வலையோ, எதுவானாலும் கண்ணாடிக்கு வெளியே, சற்று இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.

ஜன்னலைத் திறக்க ஒரே விதிதான்: வெளிக்காற்று உள்ளதைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைத்து, வெயில் ஏறும் முன் மூடிவிடுங்கள்.

இனி ஏசி. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது பொதுவான கணக்கு. 26-இல் வைத்து மின்விசிறியையும் ஓடவிடுங்கள். சாதாரண மின்விசிறிக்கு 75 வாட் போதும். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஏறக்குறைய 1,500 வாட் இழுக்கும். மின்விசிறி உடலைத்தான் குளிர்விக்கிறது, அறையை அல்ல. ஆளில்லாத அறையில் அது சுற்றுவது வெட்டிச் செலவு. சீக்கிரம் குளிரட்டும் என்று 18-இல் வைப்பதும் அப்படியே. சாதாரண ஏசியின் கம்ப்ரஸருக்கு ஒரே வேகம்தான். 18-இல் வைத்தால் அது நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். அது அடைத்தால் காற்றோட்டம் குறைந்து உள்ளே காயிலில் பனி படியும். குளிர் வராது, கம்ப்ரஸர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பலர் இதை கேஸ் தீர்ந்ததாக எண்ணி மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். கேஸ் தானாகத் தீரும் பொருளல்ல. குறைந்திருந்தால் எங்கோ கசிவு. கசிவை அடைக்காமல் நிரப்பினால் அந்தப் பணமும் கசிந்துபோகும்.

வெளி யூனிட்டுக்கு நிழல் நல்லது, ஆனால் அதன் முன்னால் எதையும் அடைத்து வைக்காதீர்கள். வெளியேறும் சூடான காற்று திரும்ப உள்ளிழுக்கப்பட்டால் பில் ஏறும். அதன் தகடுகளைக் கழுவ மெல்லிய நீர்த்தாரை போதும், பிரஷர் வாஷர் அவற்றை வளைத்துவிடும். கழுவும் முன் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.

ஏர்கூலருக்கு மட்டும் விதி தலைகீழ்: ஜன்னலைத் திறந்தே வையுங்கள், மூடினால் புழுக்கம்தான் மிஞ்சும்.