வேதாரண்யத்தில் புயல் மழைக்கு எப்படித் தயாராவது: பழைய புயல்களை வைத்து ஒரு கணக்கு

வேதாரண்யம் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களும், ஊரை விட்டுப் போய் அம்மா அப்பாவை மட்டும் இங்கே வைத்திருப்பவர்களும் ஐப்பசி பிறந்தால் கேட்பது ஒன்றுதான்: என்ன வாங்கி வைக்க வேண்டும்? அதற்கு முன்னால் இந்த ஊருக்கு இதுவரை என்னென்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். எல்லோரும் கஜாவை மனதில் வைத்தே தயாராகிறார்கள். அடுத்தது கஜா மாதிரியே வரும் என்று எந்த உறுதியும் இல்லை.

பெரியவர்கள் சொல்லும் '52 புயல்' 1952 நவம்பர் 30 அன்று நாகை கடற்கரையைத் தாக்கியது. 1977 நவம்பர் 12 அன்று வந்தது இன்னொன்று, நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். 2004 டிசம்பர் 26 அன்று காற்றும் இல்லை, மழையும் இல்லை, காலை வெளிச்சத்தில் கடல் உள்ளே வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள், கோடியக்கரையில் இருந்த சோழர் காலத்துக் கலங்கரை விளக்கமும் இடிந்தது. வேதாரண்யம் பக்கம் உயிரிழப்பு குறைவாக இருந்ததற்கு மணல்மேடுகள் ஒரு முக்கியக் காரணம். அந்த மேட்டிலிருந்து மணல் அள்ள யார் வந்தாலும் தடுங்கள், சுனாமிக்கு இதைவிட நல்ல தயாரிப்பு இந்த ஊரில் இல்லை. 2008 நவம்பரில் வந்த நிஷா, காற்றைவிட மழையால்தான் டெல்டாவை மூழ்கடித்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறிய கஜாவில் காற்று. தென்னை, மா, முந்திரி எல்லாம் படுத்துவிட்டன, டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்தன, உப்பளங்கள் பாழாயின, கோடியக்கரைக் காட்டில் வெளிமான்கள் செத்துக் கிடந்தன.

கடல், மழை, காற்று என்று மூன்று விதமான ஆபத்து. மூன்றும் ஒரே வீட்டை ஒரே அளவு அடிக்காது. ஆகவே முதல் வேலை, உங்கள் தெருவுக்கு எது வந்தது என்று விசாரிப்பது. வயதானவர்களிடம் எந்த வருஷம் என்று கேட்டால் குழம்புவார்கள். "பெரியம்மா, தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வந்தது, எத்தனை நாள் நின்றது, காற்று முதலில் எந்தப் பக்கமிருந்து அடித்தது, எங்கே போய்த் தங்கினீர்கள்?" என்று கேளுங்கள், அப்போது யார் வீட்டில் கல்யாணம், எந்தப் பிள்ளை கைக்குழந்தை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், வருஷம் தானாக வரும். அதைத் தேதியோடு சரிபார்க்க வானிலைத் துறையின் புயல் பாதை வரைபடத் தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. மாவட்ட இணையதளத்தில் பேரிடர் மேலாண்மைத் திட்டம் கிடைத்தால் அதில் தாழ்வான பகுதிகளும் பாதுகாப்பு மையங்களும் எவை என்று பார்த்து, உங்களுக்கு அருகில் உள்ள மையத்துக்கு ஒரு தடவை நல்ல வெயிலில் நடந்து போய்ப் பாருங்கள். வழியில் தாழ்வான பாலமோ வாய்க்காலோ இருந்தால் மழை தொடங்கிய பிறகு அந்த வழி உதவாது.

அடுத்து, அறிவிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்வது. வங்கக் கடலில் புயலின் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழலும். கிழக்கிலிருந்து வரும் புயல் நமக்குத் தெற்கே கரையேறினால் காற்று கடலிலிருந்து நம்மை நோக்கி அடிக்கும், கிழக்குக் கரைக்குத் தண்ணீர் ஏறும். வடக்கே கரையேறினால் முதலில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், அதைப் பார்த்துக் கடல் அடங்கிவிட்டது என்று கரைக்குப் போகக் கூடாது, ஏனென்றால் பிறகு காற்று தெற்குப் பக்கம் திரும்பும்போது பாக் நீரிணைத் தண்ணீர் உப்பளம், முத்துப்பேட்டைப் பக்கம் தள்ளப்படும். நாகை துறைமுகத்தில் ஏற்றும் கூண்டின் எண்ணும் இதைத்தான் சொல்கிறது. 5 அல்லது 8 என்றால் புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம், அதாவது புயல் நாகைக்கு வடக்கே போகும். 6 அல்லது 9 என்றால் நாகைக்குத் தெற்கே போகும், அது நம் பக்கம். எண் பெரிதா சின்னதா என்று மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள்.

புயலின் கண் நேராக மேலே வந்தால் காற்று சட்டென்று நின்றுவிடும், சில சமயம் வானம்கூடத் தெளியும். வெளியே வராதீர்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும், முதல் காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டிருக்கும் மரமும் சுவரும் அப்போதுதான் விழும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ ஓடோ போட்ட வீடாக இருந்தால் முந்தின சாயங்காலமே கான்கிரீட் வீட்டுக்கோ மையத்துக்கோ போய்விடுங்கள், இரவில் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். மாடுகளைக் கட்டிப்போட்டு விட்டுப் போகாதீர்கள், அவிழ்த்து மேட்டில் விடுங்கள்.

மழைக்கு வேறு கணக்கு. ஒரே நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதி கனமழை என்கிறார்கள், ஆனால் இங்கே அளவைவிட வடிகால்தான் பிரச்சினை. நிலம் கடல் மட்டத்தை ஒட்டி இருப்பதால், கடல் ஏறியிருக்கும்போது ஆறும் வாய்க்காலும் தண்ணீரை வெளியே விடாது. புரட்டாசியிலேயே உங்கள் தெரு வடிகாலைத் தூர்வாரச் சொல்லி நகராட்சியிலோ ஊராட்சியிலோ எழுத்தில் மனு கொடுங்கள். காரைக்காலில் ரேடார் இருக்கிறது, அதன் படத்தை வானிலைத் துறை இணையதளத்தில் பார்த்தால் மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070.

இப்போது எதை வாங்கி வைப்பது என்பதற்கு வருவோம். முதலில் தண்ணீர். பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு, குடிநீர் கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, குழாயும் வராது. கஜாவுக்குப் பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை, சாப்பாட்டைவிடத் தண்ணீருக்குத்தான் ஜனங்கள் தவித்தார்கள். எனவே புயல் எச்சரிக்கை வந்த அன்றே சின்டெக்ஸ் தொட்டி, குடம், அண்டா எல்லாவற்றையும் நிரப்புங்கள். தொட்டி காலியாக இருந்தால் காற்றில் பறக்கும், நிரம்பியிருந்தால் நகராது. ஆளுக்கு ஒரு வாரத்துக்குக் குடிக்கவாவது வேண்டும். அப்புறம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை ஒரு மாதத்துக்கு, பவர் பேங்க், டார்ச், சில்லறையாகக் கொஞ்சம் பணம், ஏனென்றால் ஏடிஎம்மும் செல்போன் டவரும் கூடவே படுத்துவிடும். வெளியூரில் இருப்பவர்கள், ஊரில் ஒரே ஆளின் நம்பரை நம்பி இருக்காதீர்கள், வேறு வேறு நெட்வொர்க்கில் இரண்டு மூன்று நம்பர் வாங்கி வையுங்கள்.

தோப்பு, வயல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேலை. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கட்டும் கெடு பொதுவாக நவம்பர் நடுவில் முடியும். கஜா வந்ததும் அதே நாட்களில்தான், ஆகவே கடைசி நாள் வரை இழுக்காமல் ஐப்பசி தொடக்கத்திலேயே கட்டிவிடுங்கள். தென்னை எத்தனை, மா எத்தனை என்று எண்ணி, ஒவ்வொரு மூலையிலிருந்தும் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, சிட்டா, அடங்கல் நகலோடு வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். மரம் விழுந்த பிறகு கணக்கெடுக்க வருகிறவர்கள் வரும் முன்னால் வெட்டி அப்புறப்படுத்த வேண்டி வந்தால், விழுந்த நிலையிலேயே மறுபடி போட்டோ எடுத்துவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டு வெட்டுங்கள்.