பறவைப் படங்களில் ஃபோகஸ் தவறினால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பறவையின் கண் மங்கலாகப் பதிந்த படத்தை அழித்துவிடுவதற்கு முன், அதைக் கணினித் திரையில் 100 சதவீத அளவில் வைத்து நிதானமாகப் பார்க்க வேண்டும். கோளாறு எங்கே இருக்கிறது என்பதற்கான தடயம் பெரும்பாலும் அந்த வீணான படத்திலேயே கிடைத்துவிடும். கண் மங்கியிருக்க, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுள்ளி துல்லியமாக இருந்தால் ஃபோகஸ் முன்னே விழுந்திருக்கிறது. வால் இறகும் பின்னாலுள்ள இலைகளும் துல்லியமாக இருந்தால் பின்னே விழுந்திருக்கிறது. கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளி கோடாக இழுபட்டிருந்தால் அது ஃபோகஸ் தவறே அல்ல. பறவை அமர்ந்திருக்கும் கிளையும் அதே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா அசைந்திருக்கிறது, கிளை தெளிவாக இருந்தால் பறவை அசைந்திருக்கிறது. இரண்டுக்கும் ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதே மருந்து. பறக்கும் பறவைக்கு 1/2000 நொடிக்குக் குறைந்த வேகத்தை நம்பாமல் இருப்பது நல்லது.

600 மி.மீ. லென்ஸை எஃப் 6.3 அபெர்ச்சரில் (ஒளி நுழையும் திறப்பின் அளவு) வைத்து, ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) 10 மீட்டர் தொலைவிலுள்ள பறவையை எடுக்கும்போது, துல்லியமாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 10 செ.மீ. மட்டுமே. தொலைவு பாதியானால் அந்த ஆழம் கால்பங்காகச் சுருங்கிவிடும் என்பதால், அருகில் வந்தமரும் மீன்கொத்தியின் அலகு நுனியும் கண்ணும் ஒருசேரத் தெளிவாக அமையாததைக் கருவியின் குறையாகக் கொள்ளக் கூடாது.

கோடியக்கரையின் உப்பளப் பரப்பில் வெயில் ஏறிய பிறகு தொலைவில் நிற்கும் பூநாரைகளை எடுப்பவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைப்பதால், காட்சியைக் கேமராவின் பின்திரையில் காட்டும் லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்தாலே பறவையின் விளிம்பு நெளிவது தெரியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாலும் இதைச் சரிசெய்ய இயலாது. அதிகாலையில் எடுப்பதும் தொலைவைக் குறைப்பதுமே வழி.

கேமராவின் அமைப்புகளில், அசையும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ் முறை இயங்குகிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். கேமரா ஃபோகஸ் கிடைத்த பிறகே படமெடுக்கிறதா, கிடைக்காமலேயே எடுத்துவிடுகிறதா என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கிளைகளுக்கு நடுவே இருக்கும் பறவைக்கு ஒற்றை ஃபோகஸ் புள்ளியும், வெட்டவெளியில் பறக்கும் ஆலாவுக்குப் புள்ளிகளின் தொகுப்பும் ஏற்றவை. கரிச்சானின் கரிய உடலில் பற்றிக்கொள்ள வேறுபாடு இல்லாமல் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். அப்போது உடலின் நடுவை விட்டு, அதன் விளிம்பு வெளிச்சமான பின்னணியைத் தொடும் இடத்தில் புள்ளியை வைத்தால் உடனே பிடித்துக்கொள்ளும். மலிவான ஃபில்டரைக் கழற்றிவிட்டும், லென்ஸின் எட்டுதூரத்தைக் கூட்டும் டெலிகன்வர்ட்டர் இல்லாமலும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது அவசியம்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் தவறு தொடர்ந்தால் மட்டுமே ஃபோகஸ் விழும் இடத்தைச் சற்றே முன்னோ பின்னோ நகர்த்தும், கேமராவின் நுண்திருத்த அமைப்பைத் தொட வேண்டும். இதை முதல் வேலையாகச் செய்பவர்கள் இல்லாத நோய்க்கு மருந்து கொடுக்கிறார்கள். உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராவில் ஃபோகஸை அளக்கும் உணரி, படம் பதியும் சென்சாரிலிருந்து தனியாக, கண்ணாடிக்குக் கீழே இருப்பதால் இரண்டுக்கும் இடையே சிறு பிசகு நேர வாய்ப்புண்டு. கண்ணாடி இல்லாமல் சென்சாரிலேயே அளக்கும் மிரர்லெஸ் கேமராவில் இந்தப் பிசகு இல்லை.

சோதிப்பதற்கு, எழுத்துகள் பெரிதாக உள்ள நாட்காட்டித் தாளைச் சுவரில் ஒட்டி, அதற்கு நேர் எதிரே, வழக்கமாகப் பறவைகளை எடுக்கும் தொலைவில், கேமராவை முக்காலியில் நிறுத்த வேண்டும். அதிர்வுக் குறைப்பை அணைத்து, அபெர்ச்சரை முழுவதும் திறந்து, சென்சாரிலேயே ஃபோகஸை அளக்கும் லைவ் வியூவில் ஒரு படமும், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக ஐந்தாறு படங்களும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக் கலைத்துவிட்டே மீண்டும் ஃபோகஸ் செய்ய வேண்டும். வியூஃபைண்டர் படங்கள் சில தெளிவாகவும் சில மங்கலாகவும் மாறிமாறி அமைந்தால் நுண்திருத்தம் உதவாது. எல்லாமே லைவ் வியூ படத்தைவிட ஒரே அளவில் மங்கியிருந்தால்தான் திருத்தத்துக்கு இடமுண்டு. கேனான், நிக்கான் கேமராக்களில் இதை வழங்கும் மாடல்களில் அளவுகோல் −20 முதல் +20 வரை செல்லும். ஃபோகஸ் முன்னே விழுந்தால் கூட்டல் பக்கமும், பின்னே விழுந்தால் கழித்தல் பக்கமும், ஐந்து ஐந்தாக நகர்த்திப் பார்த்து, தெளிவு கூடும் இடத்துக்கு அருகில் ஒவ்வொன்றாக நகர்த்தலாம்.

அளவுகோலின் எல்லையைத் தொட்டும் சரியாகாவிட்டால், சோதனைப் படங்களுடன் கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே சர்வீஸ் சென்டரில் ஒப்படைக்க வேண்டும்.