பாலின மருத்துவரை முதன்முறை சந்திக்கச் செல்வதற்கு முன்: டர்பனிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

திருநங்கையான நான், ஹார்மோன் சிகிச்சை தொடங்குவது பற்றிப் பேச முதன்முறை சென்றபோது, என் சிறுவயது முதலான கதையை எட்டுப் பக்கம் எழுதி எடுத்துச் சென்றிருந்தேன். நான் பெண்தான் என்பதை மருத்துவருக்கு நிரூபிக்க வேண்டும் என்று எண்ணி, பல இரவுகள் கண்விழித்து எழுதியது அது. அவர் அதை வாங்கி மரியாதையோடு மேசையில் வைத்துவிட்டு, "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்ததுண்டா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தவரை இல்லை என்றேன். அந்தப் பதில் தவறு. ஆகவே இந்த விளக்கத்தில் பெரும்பகுதி அந்த ஒரு கேள்விக்கு எப்படித் தயாராவது என்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில் காகிதங்கள். அரசு மருத்துவமனைக்குச் செல்பவர்கள் அருகிலுள்ள கிளினிக்கிலோ பொது மருத்துவரிடமோ பரிந்துரைக் கடிதம் பெற்று, அடையாள அட்டை, முகவரிச் சான்று, சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு செல்ல வேண்டும். வருமானத்தைப் பொறுத்தே கட்டணம் கணக்கிடப்படுகிறது. கேப்டவுனில் குரூட் ஸ்கூர் மருத்துவமனையின் திருநர் பிரிவு பலருக்கும் தெரிந்த ஒன்று. ஆனால் ஹார்மோன் சிகிச்சைக்கு அவ்வளவு தூரம் போயே தீர வேண்டும் என்பதில்லை. தென்னாப்பிரிக்காவுக்கென 2021-இல் வெளிவந்த மருத்துவ வழிகாட்டி நெறிமுறையைப் படித்த பொது மருத்துவர் ஒருவரே அதைத் தொடங்க முடியும்.

பதிவு மேசையில் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. நம் அடையாள எண்ணில் பதின்மூன்று இலக்கங்கள் உள்ளன. ஏழாவது முதல் பத்தாவது வரையிலான நான்கு இலக்கங்கள் 5000-க்குக் கீழிருந்தால் பெண், 5000 அல்லது அதற்கு மேலிருந்தால் ஆண் என்பது கணக்கு. கோப்பு அந்த எண்ணில்தான் திறக்கப்படும். பெயரும் பழைய பெயராகவே இருக்கும். எனவே பதிவு செய்யும்போதே, "என்னைக் குடும்பப் பெயரால் மட்டும் அழையுங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி என்னும் நம் குடும்பப் பெயர்கள் ஆணா பெண்ணா என்று காட்டுவதில்லை. ஆனால் டர்பனில் "கோவெண்டர்" என்று அழைத்தால் கூடத்தில் நான்கு பேர் எழுந்து நிற்பார்கள் என்பதால், கோப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களையும் சேர்த்து அழைக்கச் சொல்வது நல்லது.

இனி, நான் இடறிய இடத்துக்கு வருகிறேன். முதல் சந்திப்பு முடிந்த வார இறுதியில் சாட்ஸ்வர்த்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா சமையலறை மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே அமர்ந்து, "ஆயாவுக்குக் கடைசிக் காலத்தில் என்னென்ன நோய் இருந்தது?" என்று என் பாட்டியைப் பற்றிக் கேட்டேன். சர்க்கரை, கொதிப்பு என்று வழக்கமான பட்டியலைச் சொல்லிவிட்டு, "இடுப்பு ஆபரேஷன் முடிந்து வந்தபோது ஒரு கால் மட்டும் வீங்கிப் போனது, ஞாபகம் இருக்கிறதா? ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார்கள். அடிக்கடி கூட்டிக்கொண்டு போய் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது" என்றார். அம்மாவுக்கு அது கால் வீக்கம். இரண்டாம் சந்திப்பில் மருத்துவரிடம் அந்தச் சொற்களை அப்படியே சொன்னபோது, அது காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றும், அடிக்கடி இரத்தம் பார்த்தது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரைக்காக இருக்கலாம் என்றும் உடனே புரிந்துகொண்டார். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இரத்தம் உறையும் ஆபத்தை ஓரளவு கூட்டக்கூடியது. தோலில் ஒட்டும் பட்டையில் அந்த ஆபத்து குறைவு. ஆயாவுக்கு அது அறுவை சிகிச்சைக்குப் பின் வந்ததால் என் ஆபத்து பெரிதல்ல என்று விளக்கிய பிறகும், பட்டையையே அவர் எழுதிக் கொடுத்தார்.

ஆகவே நோயின் பெயரைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். நம் வீடுகளில் "வாதம்" என்ற சொல் மூட்டு வலியையும் குறிக்கும், பக்கவாதத்தையும் குறிக்கும். மருத்துவருக்கு இரண்டும் முற்றிலும் வேறானவை. எந்தப் பக்கம் வீங்கியது, திடீரென வந்ததா, எந்த வயதில், எத்தனை மாதம் மாத்திரை என்று கேட்டு, அம்மாவோ அத்தையோ சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் நேர்ந்தவற்றுக்குக் கூடுதல் எடை உண்டு என்பதால் அவற்றை மேலே எழுதுங்கள். சர்க்கரையும் மாரடைப்பும் நம் சமூகத்தில் மிகுதி என்பது உங்களுக்கே தெரியும். அவற்றை வயதோடு குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள், மருத்துவப் பரிசோதனைக்காகக் கேட்கிறார்கள் என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட.

உங்கள் சொந்த உடம்பைப் பற்றி இன்னொரு பக்கம் எழுதுங்கள். புகைப்பழக்கம், கண்முன் ஒளிக்கீற்று தெரிந்த பின் வரும் ஒற்றைத் தலைவலி, இப்போது உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை மறைக்க வேண்டாம். கொதிப்புக்கு எனலாப்ரில் சாப்பிடுபவருக்கு, ஆண் ஹார்மோனைத் தடுக்கக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் தொடங்கவிருக்கும் திருநம்பிகளுக்கு இரத்தம் தடிக்கிறதா என்று பார்ப்பார்கள். சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை ஏறக்குறைய எல்லாருக்கும் இருக்கும் என்பதால், கை மடித்துவிட எளிதான சட்டை அணிந்து செல்லுங்கள்.

இவற்றையெல்லாம் கைப்பேசியில் எழுதாமல், கோடு போட்ட சாதாரண நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தாதியால் காகிதத்தை நகலெடுத்துக் கோப்பில் வைக்க முடியும். மருத்துவர் குனிந்து பார்க்கும் நேரத்தில் பழைய பெயரால் அழைக்கும் வாட்ஸ்அப் செய்தி எதுவும் அதன்மேல் வந்து விழாது.

குழந்தை வேண்டுமா என்று கட்டாயம் கேட்பார்கள். ஹார்மோன் கருவளத்தைக் குறைக்கக்கூடியது என்பதால், விந்தணுவையோ கருமுட்டையையோ உறைநிலையில் சேமிப்பது பற்றித் தொடங்குவதற்கு முன்பே முடிவெடுப்பது நல்லது. நான் அந்தக் கேள்விக்கு அங்கே உட்கார்ந்து அழுதேன். நீங்கள் வீட்டிலேயே, நம்பிக்கையானவர் ஒருவரோடு பேசிவிட்டுச் செல்லுங்கள்.

நீங்கள் யார் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தோளில் இல்லை. 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, திருநராக இருப்பதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அடையாள ஆவணத்தில் பாலினத்தை மாற்றுவதற்கான 2003-ஆம் ஆண்டின் 49-ஆம் எண் சட்டமும் அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கவில்லை. ஹார்மோன் போன்ற மருத்துவ சிகிச்சையையும் அது ஏற்கிறது. அதற்கு மருத்துவரின் அறிக்கைகள் தேவைப்படும் என்பதால், முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு சந்திப்பின் தேதியையும் குறித்து வாருங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஜோகன்னஸ்பர்க் தங்கை ஒருவர், தாம் அப்பாவின் மருத்துவக் காப்பீட்டில் இருப்பதாகவும், சென்ற மருத்துவரின் பெயர் அப்பாவுக்கு வந்த கணக்குச் சீட்டில் இருந்ததாகவும் எழுதியிருந்தார். மருத்துவரும் மருத்துவமனையும் உங்கள் இரகசியத்தைக் காக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். ஆனால் கணக்குச் சீட்டு முதன்மை உறுப்பினருக்குத்தான் போகிறது. வீட்டில் சொல்லாதவர்கள் முதல் சந்திப்புக்குக் கையிலிருந்து பணம் கட்டுவதா, அரசு மருத்துவமனைக்குச் செல்வதா என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொருவர், இணையத்தில் வாங்கிய மாத்திரையை ஏற்கனவே சாப்பிட்டு வருவதாகவும், திட்டுவார்களோ என்று பயமாக இருப்பதாகவும் எழுதியிருந்தார். பயந்து மறைத்தால் இரத்தப் பரிசோதனையின் முடிவை மருத்துவர் தவறாகப் படிக்க நேரிடும். என்ன மாத்திரை, எவ்வளவு, எத்தனை நாளாக என்பதை நோட்டில் எழுதி, மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.