நெல்லையிலிருந்து வானத்தில் எவ்வளவு தூரம்? கணக்குப் போடும் முறை

துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கக் கிளம்பிய பெரியம்மா டிக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினார். திருவனந்தபுரத்தில் மாலை 4.00 மணிக்குப் புறப்பாடு, துபாயில் 6.45க்கு இறங்குகிறது. "இரண்டே முக்கால் மணி நேரம்தானா! மதுரை பஸ்ஸே மூன்று மணி நேரம் ஆகிறதே" என்றார். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எங்கிருந்து அளப்பது? திருநெல்வேலியில் விமான நிலையம் கிடையாது. நமக்குப் பக்கம், வல்லநாடு தாண்டி வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையம்தான். சென்னைக்குக் கணக்குப் பார்ப்பதானால் அங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்து, கைபேசி வரைபடத்தில் விமான நிலையத்தின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. வாகைக்குளத்துக்கு 8.72, 78.03, சென்னைக்கு 12.99, 80.17. தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி கழித்தல். அட்சரேகை வித்தியாசம் 4.27. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ.; அதை 360 பாகையால் வகுத்தால் பாகைக்கு 111 கி.மீ. ஆகவே வடக்கே 474 கி.மீ. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால் நம் பக்கம் பாகைக்கு 109 என்று வைத்துக்கொள்ளலாம். 2.14 பாகைக்குக் கிழக்கே 233 கி.மீ. மீதி, பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம்: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 528 கி.மீ. ரயிலில் திருநெல்வேலி – எழும்பூர் சுமார் 650 கி.மீ. என்பதை நினைத்துப் பாருங்கள். தண்டவாளம் மதுரை, திருச்சி என்று ஊர் ஊராக வளைந்து போகிறது.

துபாய் போன்ற தொலைவுக்கு இந்தத் தாள் கணக்கை நம்பாதீர்கள், பூமியின் வளைவு குறுக்கே வந்துவிடும். வரைபடத்திலேயே தூரம் அளக்கும் வசதி இருக்கிறது. திருவனந்தபுரம் – துபாய் ஏறத்தாழ 2,940 கி.மீ. என்று காட்டும்.

நேரம்: ஏடிஆர் 72 போன்ற சுழல்விசிறி விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ., ஜெட் சுமார் 850 கி.மீ. போகும். தூரத்தை வேகத்தால் வகுத்து, ஓடுபாதைக்கு நகர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்குமாக அரை மணி சேருங்கள். ஏடிஆரில் சென்னைக்கு ஒன்றரை மணி வரும். துபாய்க்கு ஜெட்டில் நான்கு மணி வரும். மேற்கே போகும்போது எதிர்காற்று இருந்தால் இன்னும் கால் மணி கூடும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும்.

அப்படியானால் டிக்கெட்டில் இரண்டே முக்கால் எப்படி வந்தது? டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். அங்கே 6.45 என்றால் இங்கே இரவு 8.15. பறப்பது நாலேகால் மணி நேரம். புதிதாகப் பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சர்க்கரை மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவது என்று பெரியம்மா கேட்டபோதுதான் இந்த ஒன்றரை மணியின் அருமை எனக்கே புரிந்தது. கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்காமல் நம் ஊர் நேரத்திலேயே விட்டுவிடச் சொன்னேன். விமானம் புறப்பட மூன்று மணி நேரம் முன்னதாகத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும், நாகர்கோவில் வழியாகக் காரில் நான்கு மணி நேரம். காலை எட்டரைக்கே வண்டி ஏறிவிட்டார்.