கயோட்டிக் குட்டிகளைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் பிறந்தால் போதும், வட அமெரிக்காவில் காட்டுயிர்ப் படம் எடுப்பவர்கள் பலர் கயோட்டியின் (நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த, ஓநாயைவிடச் சிறிய காட்டு விலங்கு) வளையைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் தவறும் பெரிய தவறும் அதுதான்.

கயோட்டிகள் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் இணை சேரும். ஏறத்தாழ 63 நாள் சினைக்குப் பிறகு ஏப்ரலிலோ மேயிலோ குட்டி போடும். ஓர் ஈற்றுக்குச் சராசரியாக ஆறு குட்டிகள். பிறந்து இரண்டு வாரத்துக்குள் கண் திறக்கும்; மூன்றாவது வாரம் வளை வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கும். அதற்குப் பின் சில வாரங்களுக்கு அவற்றின் உலகமே அந்த வாசலைச் சுற்றியுள்ள சில மீட்டர் மண்தான். இந்த நாட்களில் மனித நடமாட்டம் தொல்லையாகிவிட்டால் தாய் ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்வி வேறு வளைக்குக் கொண்டுபோகும். வழியில் பொன்னிறக் கழுகு இருக்கலாம், ஓநாய் இருக்கலாம். போய்ச் சேரும் வளை முன்னதைவிட மோசமானதாகவும் இருக்கலாம். உங்களுக்குக் கிடைப்பது வெறும் மண்மேடு.

எங்கள் பரிந்துரை: ஜூலை வரை பொறுங்கள். அதற்குள் குட்டிகள் வளையை விட்டுவிட்டு, பெற்றோர் இரை தேடப் போகும்போது புல்வெளி ஓரங்களில் கூடிக் கிடக்கும். வெட்டுக்கிளியைத் துரத்தும், புல்வெளி எலிமேல் எகிறிக் குதித்துப் பழகும், ஒன்றையொன்று புரட்டி விளையாடும். காது பெரிதாகி, கால் நீண்டு, முகத்தில் குணம் தெரிகிற வயது அது. வளை வாசலில் தூங்கி வழியும் பஞ்சுருண்டையைவிட இந்தப் படங்களில் உயிர் அதிகம். குட்டிகளுக்கும் ஓடி ஒளியத் தெரிந்துவிடுகிறது. ஓராண்டு நிறைவதற்குள் பல குட்டிகள் பிரிந்துபோய்விடும். அதனால் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் முக்கியம்.

சட்டம் சொல்லும் தூரமே போதும் என்று நினைப்பது

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கரடி, ஓநாய், மலைச்சிங்கம் ஆகியவற்றுக்கு 91 மீட்டரும் கயோட்டி உள்ளிட்ட மற்ற விலங்குகளுக்கு 23 மீட்டரும் குறைந்தபட்ச இடைவெளி. அந்த 23 மீட்டர் மனிதருக்கும் வளர்ந்த விலங்குக்கும் மோதல் வராமல் இருக்க வைத்த எல்லை. குட்டிகள் இருக்கும் இடத்துக்கு அது போதவே போதாது. தற்செயலாக வளை கண்ணில் பட்டால் 100 மீட்டருக்குக் குறையாமல் நில்லுங்கள். ஜூலைக்குப் பிறகு திறந்த புல்வெளியில் 60 மீட்டர். அந்த விலங்கு வேலையை நிறுத்திவிட்டு உங்களையே பார்க்கத் தொடங்கினால் எத்தனை மீட்டர் இருந்தாலும் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்றுதான் பொருள்.

குட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது

வ்யூஃபைண்டரில் குட்டி நிறைந்திருக்கும்போது பக்கவாட்டில் நிற்கும் தாய் தெரியாது. ஆனால் சேதி சொல்வது அதுதான். வாயை மூடியபடி 'ஹஃப்' என்று மூச்சைத் தள்ளுவது முதல் எச்சரிக்கை. அது கேட்டதும் குட்டிகள் உள்ளே பாய்ந்துவிடும். அடுத்தது, குரைப்பும் ஊளையும் கலந்த தொடர்ச்சியான சத்தம். பலர் இதைக் கேட்டு, "பாடுகிறது" என்று மகிழ்ந்து வீடியோ எடுக்கிறார்கள். உண்மையில் அது உங்களை விரட்டும் குரல். சில சமயம் சத்தமே இருக்காது. இரையோடு வந்த பெரியது தொலைவில் உட்கார்ந்து, குட்டிகளிடம் போகாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். பெற்றோர் இரையைத் தின்று வந்து கக்கித்தான் சின்னக் குட்டிகளுக்கு ஊட்டும். நீங்கள் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த ஊட்டல் தள்ளிப்போகிறது. எந்த அறிகுறி தெரிந்தாலும் முதுகைக் காட்டி ஓடாமல், வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் வளை அருகில் அரை மணிக்குமேல் வேண்டாம். நாயைக் கூட்டிக்கொண்டு போகவே கூடாது. நாயைக் கயோட்டி போட்டியாளனாகத்தான் பார்க்கும், எதிர்த்து வரவும் செய்யும்.

குட்டிகள் தனியாக இருப்பதைக் கண்டு அநாதை என்று முடிவுகட்டித் தூக்குபவர்களும் உண்டு. பெற்றோர் மணிக்கணக்கில் இரை தேடப் போவது வழக்கம். தொடாதீர்கள்.

லென்ஸின் கணக்கைப் போடாமல் போவது

ஃபுல் ஃபிரேம் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ், 100 மீட்டர் தொலைவு என்றால் படத்தின் அகலத்துக்குள் 6 மீட்டர் இடம் அடங்கும். 40 செ.மீ. நீளக் குட்டி அதில் பதினைந்தில் ஒரு பங்கு. 45 மெகாபிக்சல் சென்சாரில் ஏறத்தாழ 550 பிக்சல். 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் (லென்ஸின் நீளத்தைக் கூட்டும் இணைப்பு) போட்டால் 4.3 மீட்டராகக் குறுகும். இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டால் களத்தில் 'இன்னும் பத்தடி' என்று கால் தானாக நகராது. குட்டி சின்னதாகத்தான் வரும் என்று தெரிந்து, புல், சேஜ் புதர், பின்னால் உள்ள சரிவு எல்லாவற்றையும் சேர்த்துப் படத்தை அமையுங்கள். வாழிடம் தெரியும் படம் ஒன்றும் குறைந்ததல்ல.

இரண்டு குட்டிகள் புரளும்போது இரண்டும் ஃபோகஸில் வர வேண்டுமென்று லென்ஸின் துளையை எஃப் 11 வரை அடைப்பது வீண். 600 மி.மீ., எஃப் 6.3, 60 மீட்டர் என்றால் தெளிவின் ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரம்) மூன்றரை மீட்டருக்கு மேல் வரும். கறாராகப் பார்த்தாலும் ஒரு மீட்டருக்குக் குறையாது. அடைத்தால் ஷட்டர் வேகம்தான் அடிவாங்கும். விளையாட்டுக்கு நொடியில் 1/1600, பாய்ச்சலுக்கு 1/2500, உட்கார்ந்திருக்கும் குட்டிக்கு 1/500. ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200 ஏறினாலும் பரவாயில்லை. அதனால் படத்தில் வரும் நுண்புள்ளியைப் பின்னால் குறைக்கலாம், அசைவுக் கலங்கலை நீக்க முடியாது. எலக்ட்ரானிக் ஷட்டர் சத்தமில்லாதது, நல்லது. ஆனால் சென்சாரை மெதுவாக வாசிக்கும் கேமராக்களில் பாயும் குட்டியின் கால்கள் சாய்ந்து விழும், முன்பே சோதித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோஃபோகஸ் புல்லைப் பிடித்துக்கொள்வது ஓயாத தலைவலி. பரந்த பகுதியை விட்டு ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள். முதலில் குட்டியின் தூரத்தில் உள்ள வெறும் மண்ணில் ஃபோகஸ் செய்துவிட்டு அதற்குப் பின் முகத்துக்கு வாருங்கள்.

'ஃபோகஸ் சரி, ஆனாலும் கூர்மை இல்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் கானல் அலையே காரணம். வெயில் ஏறியதும் தரையை ஒட்டிய காற்று கொதிக்கத் தொடங்கும். அந்த நடுக்கத்தை எந்த லென்ஸும் வெல்லாது. விடிந்து இரண்டு மணி நேரம், பிறகு சாயங்காலம், அவ்வளவுதான். காரிலிருந்து எடுப்பவர்கள் தாமே கானலை உண்டாக்கிக்கொள்கிறார்கள்: ஹீட்டர் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தால் சூடான காற்று லென்ஸ் முன்னாலேயே வெளியேறும். எஞ்சினையும் ஹீட்டரையும் அணைத்து, கண்ணாடியை இறக்கி, உள்ளும் வெளியும் ஒரே குளிர் ஆகும்வரை காத்திருங்கள்.

கார் நல்ல மறைவிடம். எல்லோஸ்டோனின் லாமர் பள்ளத்தாக்கு மாதிரியான இடங்களில் கயோட்டிகள் நிற்கும் வண்டியைப் பெரிதாகச் சட்டை செய்வதில்லை. கதவு திறந்து மனித உருவம் இறங்கியதும் கதையே மாறும். சாலையை மறிக்காமல் ஒதுக்கிடத்தில் நிறுத்தி, ஜன்னல் விளிம்பில் பீன் பேக் (லென்ஸைத் தாங்கும் சிறு பை) வைத்து எடுங்கள். தாழ்ந்த கோணம் வேண்டுமென்று இறங்கித் தரையில் படுக்கத் தேவையில்லை. ஜன்னல் உயரம் 1.2 மீட்டர், தூரம் 60 மீட்டர் என்றால் பார்வை ஏறத்தாழ ஒரு டிகிரிதான் சாயும்.

கூப்பிடுவது, ஊட்டுவது

முயல் அலறலையோ குட்டியின் அலறலையோ ஒலிக்கவிட்டுக் கயோட்டியை வரவழைக்கும் கருவி வேட்டைக்காரர்களுடையது. குட்டி வளர்க்கும் பருவத்தில் அதைப் போட்டால் பெற்றோர் குட்டிகளை விட்டுப் பதறி ஓடி வரும். எல்லோஸ்டோனில் அது சட்டப்படி குற்றம். தீனி போடுவதோ நேரே மரணத் தண்டனை: மனிதக் கையில் தின்று பழகிய கயோட்டி சுற்றுலாப் பயணிகளை நெருங்கத் தொடங்கும், கடைசியில் நிர்வாகமே அதைக் கொல்ல வேண்டி வரும்.

எந்த விலங்கு என்று தெரியாமல் நிற்பது

சின்ன வயதில் கயோட்டி, நரி, ஓநாய்க் குட்டிகள் எல்லாமே கரும்பழுப்பு நிறம்தான். வால் நுனி வெள்ளையா? அது செந்நரி. கயோட்டிக்கு நுனி கறுப்பு. மூஞ்சி கூர், உடலுக்குக் காது பெரிது. மூக்கு மழுங்கி, பாதம் தடித்திருந்தால் ஓநாய் என்று சந்தேகப்படுங்கள். 1995இல் ஓநாய்கள் எல்லோஸ்டோனுக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்ட பின் இந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. 23 மீட்டர் என்று நினைத்து நின்ற இடம் 91 மீட்டர் விதியை மீறிய இடமாகிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு நடக்கும் தவறு

அமெரிக்காவின் பல மாநிலங்களில் கயோட்டியை ஆண்டு முழுவதும், எண்ணிக்கை வரம்பில்லாமல் சுடலாம். வளையின் இருப்பிடம் வெளியே தெரிவது அங்கே விளையாட்டல்ல. படத்தோடு ஒட்டிவரும் ஜி.பி.எஸ். தகவலை நீக்குங்கள். பின்னணியில் அடையாளம் தெரியும் பாறையோ பாலமோ இருந்தால் அந்தப் படத்தைக் குட்டிகள் பிரிந்துபோன பிறகு வெளியிடுங்கள். இடப்பெயர் வேண்டுமென்றால் மாநிலத்தின் பெயர் போதும்.

படக்குறிப்பில் நேர்மை வேண்டும். வாடகைக்கு விலங்கு காட்டும் பண்ணைகள் அமெரிக்காவில் இருக்கின்றன. பூக்களுக்கு நடுவே பத்தடி தூரத்தில் நின்று கேமராவைப் பார்க்கும் 'காட்டு' கயோட்டிக் குட்டிப் படங்களில் பல அங்கே எடுத்தவை. அப்படி எடுத்திருந்தால் 'வளர்ப்பிடத்தில் எடுத்தது' என்று எழுதுங்கள். காட்டில் எடுத்ததென்றால் லென்ஸின் நீளத்தையும் படத்தை வெட்டிச் சுருக்கிய அளவையும் சேர்த்துப் போடுங்கள். அடுத்து வருபவர் எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.